பதினேழாவது மாடியும் துபாய் ஓனரும்

(வாட்ஸ்அப் குழு: பாண்டி முதலியார்பேட்டை குடும்பம்)

ஞாயிறு இரவு

நித்யா: எல்லாருக்கும் ஒரு சேதி. சென்னை பெரம்பூர்ல வீடு பாத்தாச்சு. பழைய பின்னி மில் இடத்துல கட்டின அடுக்குமாடி. 17ஆவது மாடி, ரெண்டு பெட்ரூம். வாடகை 46,000. மெயின்டெனன்ஸ் 6,200 தனி. இன்னிக்கே டோக்கன் 25,000 போட்டா வேற யாருக்கும் காட்ட மாட்டேன்னு புரோக்கர் சொல்றார்.

அம்மா: போட்டோ போடுடி, எல்லாரும் பாக்கட்டும்

நித்யா: (6 படங்கள்)

லாஸ்பேட்டை சித்தப்பா: 46 ஆயிரமா?? என் மாடி போர்ஷன் 11 ஆயிரம். அதுக்கே வர்றவன் எல்லாம் பேரம் பேசுறான்.

கார்த்தி அண்ணா: அங்க நீச்சல் குளம் இருக்கு சித்தப்பா. உங்க மாடில சின்டெக்ஸ் தொட்டிதான இருக்கு.

லாஸ்பேட்டை சித்தப்பா: நீ பேசாத. பாப்பா, 17ஆவது மாடில புயல் வந்தா என்ன பண்ணுவ? 2011ல ‘தானே’ புயல் வந்தப்போ நம்ம வீட்டு ஓடு பறந்து தெருக்கோடில கிடந்துது. அது தரைல இருக்குற வீடு. அவ்ளோ உசரத்துல கண்ணாடிக் கதவு வேற வச்சிருக்கான்.

ரெயின்போ நகர் அத்தை: புயலைப் பத்தி என்கிட்ட கேளுங்க. ஃபெஞ்சல் புயலுக்கு எங்க ஹால்ல முட்டி அளவு தண்ணி. ஃபிரிட்ஜைத் தூக்கி டைனிங் டேபிள் மேல வச்சோம். 17 என்ன, 27ஆ இருந்தாலும் போய்க்கோ பாப்பா. நான் சொல்றேன்.

நித்யா: அத்தை

கார்த்தி அண்ணா: அங்கயும் தெருல தண்ணி நிக்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை பேரு வருஷா வருஷம் நியூஸ்ல வருதே. வீட்டுக்குள்ள வராது, ஆனா வண்டி எடுத்து வெளிய வர முடியணும்ல.

நித்யா: எனக்கு வண்டியே வேணாம் அண்ணா. ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட். பெரம்பூர்ல லோக்கல் ட்ரெயின் ஏறினா நேரா பட்டரவாக்கம். இவருக்கு சென்ட்ரல் பக்கம். மாதவரம் சிப்காட் மெட்ரோவும் அந்த வழியாதான் போட்டுட்டு இருக்காங்க. இப்ப இருக்குற வீட்டுல இருந்து ரெண்டு பேரும் ரோட்லயே காலத்தைக் கழிக்கிறோம்.

சித்தி: லிஃப்ட்ல பீரோ போகுமா

நித்யா: சர்வீஸ் லிஃப்ட் இருக்கு சித்தி. ஆனா சாமான் ஏத்த முன்னாடியே சொல்லி நேரம் வாங்கணுமாம், அதுக்குத் தனியா காசு.

சித்தி: நம்ம வீட்டுக்குள்ள நம்ம பீரோ போகக் காசா

முருகன் மாமா: பாப்பா, ஓனர் யாரு?

நித்யா: துபாய்ல இருக்காராம் மாமா. இங்க அவர் தம்பி பாத்துக்கறார். வாடகையைத் தம்பி அக்கவுண்ட்ல போட்டுடுங்கன்னாங்க.

முருகன் மாமா: டோக்கன் போட்டாச்சா?

நித்யா: இன்னும் இல்ல. இப்பதான் ஜிபே திறந்தேன்

முருகன் மாமா: மூடு. சாப்பிட்டு வந்து எழுதுறேன்.

லாஸ்பேட்டை சித்தப்பா: ஆடிட்டர் ஆபீஸ்காரர் ஆரம்பிச்சுட்டார்

ரெயின்போ நகர் அத்தை: தாத்தா பக்கத்துலதான் இருக்கார். பின்னி மில்லுன்னு படிச்சுக் காட்டினதும் எழுந்து உக்காந்துட்டார். வாய்ஸ் அனுப்பறேன், புரியாதவங்களுக்கு அப்படியே டைப்பும் பண்றேன்.

ரெயின்போ நகர் அத்தை: (தாத்தா சொல்றது) "பின்னி காக்கித் துணின்னா ஊரு உலகமே வாங்கும். போலீஸ்காரன் சட்டை எல்லாம் அதுதான். 1918ல அந்த மில்லு ஆளுங்களை வச்சுதான் மெட்ராஸ்ல சங்கம் ஆரம்பிச்சாங்க, திரு.வி.க. எல்லாம் இருந்தார். இங்க பாண்டில 1936 ஜூலை 30ல பிரெஞ்சுக்காரன் சுட்டு மில் தொழிலாளிங்க 12 பேர் செத்தாங்க. எங்க நைனா அந்தக் கூட்டத்துல இருந்து தப்பி வந்தவர். அதுக்கப்புறம்தான் எட்டு மணி நேர வேலை. பின்னிய 1996ல மூடினான், நம்ம ரோடியர் மில்லை 2020ல மூடினான். பாப்பா எந்த ஷெட்டு மேல குடி போறாளாம்னு கேளு, ஸ்பின்னிங்கா வீவிங்கா?"

நித்யா: தாத்தா அதெல்லாம் இப்ப அங்க யாருக்கும் தெரியாது. நான் விசாரிக்கிறேன், கண்டிப்பா.

கார்த்தி அண்ணா: ரோடியர் இடத்துலயும் ஒருநாள் இதே மாதிரி கட்டுவான் பாரு. அப்ப சித்தப்பா நீச்சல் குளத்துல இருப்பார்.

முருகன் மாமா: வந்துட்டேன். பாப்பா பொறுமையா படி. ஓனர் வெளிநாட்டுல குடியிருக்கறவர்னா நீ முழு வாடகையும் கையில கொடுக்க முடியாது. வருமான வரி பிடிச்சுக்கிட்டு மீதியத்தான் கொடுக்கணும். உள்ளூர் ஓனர்னா மாசம் 50,000 தாண்டினாதான் இந்த வரிப் பிடித்தம், அதான் டிடிஎஸ், அதுவும் இப்ப 2 சதவீதம்தான். என்ஆர்ஐ ஓனருக்கு அந்த 50,000 கணக்கே கிடையாது, எவ்வளவு வாடகையா இருந்தாலும் பிடிக்கணும். 30 சதவீதம், செஸ் சேத்து 31.2.

நித்யா: 46,000ல 31 சதவீதமா???

முருகன் மாமா: 14,352. அவர் கைக்கு 31,648 போகும். பிடிச்சதை நீ மாசாமாசம் அரசாங்கத்துக்குக் கட்டணும். அதுக்கு உன் பான் கார்டு போதாது, வரி பிடிக்கறவங்களுக்குன்னு இருக்குற டான் நம்பர் தனியா வாங்கணும். மூணு மாசத்துக்கு ஒருவாட்டி ரிட்டர்ன் போடணும்.

லாஸ்பேட்டை சித்தப்பா: ஊர்ல எவன் இப்படிப் பிடிக்கிறான்? துபாய்க்காரன் வீட்டுல பாதி சென்னை குடியிருக்கு.

முருகன் மாமா: பிடிக்காதவங்க நிறைய பேர், ஒத்துக்கறேன். ஆனா நோட்டீஸ் வந்தா துபாய்க்குப் போகாது, பாப்பாவுக்கு வரும். பிடிக்க வேண்டிய தொகையும் அதுக்கு வட்டியும் இவகிட்டதான் கேப்பாங்க. வருஷத்துக்கு 1,72,224. இவ ஆபீஸ்ல ஹெச்ஆர்ஏ, அதான் வீட்டு வாடகைப் படி வாங்குறா. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினாலே ஓனர் பான் எழுதிக் கொடுக்கணும். அப்புறம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நித்யா: தம்பி அக்கவுண்ட்ல போட்டா?

முருகன் மாமா: வீடு யார் பேர்ல இருக்குன்றதுதான் கணக்கு. தம்பி அக்கவுண்ட்ல போட்டா இன்னும் குழப்பம். தம்பிக்கு பவர் எழுதிக் கொடுத்திருக்காரான்னு கூட நீ கேக்கல. ஒரு வழி இருக்கு. குறைச்சுப் பிடிக்கச் சொல்லி ஓனரே வரி ஆபீஸ்ல சான்றிதழ் வாங்கலாம். அவருக்கு இங்க வேற வருமானம் இல்லன்னா நல்லாவே குறையும். வாங்கித் தருவாரான்னு கேளு.

அம்மா: அண்ணா நல்ல வேளை நீங்க பாத்தீங்க

முருகன் மாமா: அட்வான்ஸ் எவ்வளவு கேட்டான்?

நித்யா: ஆறு மாசம். 2,76,000. காலி பண்றப்ப ஒரு மாச வாடகை பெயிண்டுக்குக் கழிப்பாங்களாம்.

முருகன் மாமா: 2019ல இருந்து நடைமுறைல இருக்குற வாடகைச் சட்டத்துல மூணு மாசம்தான். ஆனா வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா அது செல்லும்னும் அதுலயே இருக்கு. அதனால ஆறுன்னு இருக்குற தாள்ல நீ கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வந்து சட்டம் பேசாத. பெயிண்டும் அப்படித்தான். சுவத்துக்கு வெள்ளை அடிக்கறது ஓனர் வேலைன்னு சட்டத்துல பட்டியலே இருக்கு. புரோக்கருங்க அதைப் படிக்க மாட்டாங்க. ஒப்பந்தத்தை ரென்ட் அத்தாரிட்டில பதிஞ்சு நம்பர் வாங்கணும். பதியாம 11 மாசத் தாள் எழுதி வச்சுக்கறதெல்லாம் பழைய காலம்.

சித்தி: இவ்வளவு இருக்கா. நாங்க நெல்லித்தோப்புல வாய் வார்த்தையாவே 14 வருஷம் இருந்தோம்

லாஸ்பேட்டை சித்தப்பா: ஜெனரேட்டர் ஏசிக்கு எடுக்குமான்னு கேளு. 17 மாடி, கரண்ட் போனா வெந்துடுவ.

நித்யா: கேட்டேன் சித்தப்பா. லிஃப்ட், மோட்டாருக்கு முழுசா உண்டு. வீட்டுக்குள்ள லைட்டு, ஃபேன் மட்டும்.

திங்கள் மாலை

நித்யா: புரோக்கர்கிட்ட பேசிட்டேன். வரி பிடிப்பேன்னு சொன்னதும் ஓனர் தம்பி "இந்தச் சிக்கலெல்லாம் வேணாம், வேற ஆளைப் பாத்துக்கறோம்"னு போனை வச்சுட்டார்.

கார்த்தி அண்ணா: 25,000 மிச்சம்

ரெயின்போ நகர் அத்தை: ஐயோ. அந்த பால்கனி எவ்வளவு நல்லா இருந்துது

நித்யா: இருங்க அத்தை. அதே பிளாக்ல 9ஆவது மாடி ஒண்ணு இருக்காம். ஓனர் அண்ணா நகர்லயே இருக்கார், ரிட்டயர்டு வாத்தியார். வாடகை 48,000. அட்வான்ஸ் நாலு மாசம் கேக்கறார், மூணுக்கு இறங்குவார் போல. மெயின்டெனன்ஸையும் சேத்து மொத்தமா 54,200ஆ தன்கிட்டயே கொடுத்துடச் சொல்றார்.

முருகன் மாமா: அது வேணாம்னு பணிவா சொல்லு. ஒப்பந்தத்துல வாடகை 48,000னு தனியா இருக்கட்டும், மெயின்டெனன்ஸை நீ நேரா அசோசியேஷனுக்குக் கட்டி ரசீது வாங்கு. சேத்து எழுதினா 50,000 தாண்டி அங்கயும் 2 சதவீதம் பிடிக்கற வேலை வந்துடும். தப்பில்ல, ஆனா எதுக்கு? சொத்து வரி ரசீதும் ஈபி கார்டும் அவர் பேர்லதான் இருக்கான்னு பாத்துக்கோ.

நித்யா: சனிக்கிழமை போறோம் மாமா. நீங்களும் வர்றீங்களா?

முருகன் மாமா: வர்றேன். காலைல ஈசிஆர் பஸ் பிடிச்சா பதினோரு மணிக்குள்ள வந்துடுவேன். தாளை வெள்ளிக்கிழமையே எனக்கு அனுப்பச் சொல்லு, அங்க வந்து நின்னுக்கிட்டுப் படிக்க முடியாது.

ரெயின்போ நகர் அத்தை: தாத்தாவும் வரேன்றார்

அம்மா: அவர் எதுக்கு?

ரெயின்போ நகர் அத்தை: ஷெட்டு இருந்த இடத்தை அவரே பாத்து சொல்வாராம்