பத்து நிமிடத் தவிலுக்கு எத்தனை வீதம்?

யாழ்ப்பாணத்தில் சொந்தமாகப் பாட்டுச் செய்கிற மூன்று பேர் ஒருவருக்கொருவர் எழுதியவை.

இணுவிலிலிருந்து

2021 இல் பாட்டு வெளியிடுகிற ஒரு சின்ன லேபிளைத் தொடங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி, ஒரு ஹெட்போன், கையில் பிடிக்கக்கூடிய ஒரு ரெக்கோர்டர். கொரோனாவால் கோயில் திருவிழாக்கள் எல்லாம் அடங்கிக் கிடந்த நேரம். எங்கள் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி ஒரு தவில் வித்துவான் இருக்கிறார். வேலையில்லாமல் வீட்டில் இருந்தவரிடம் போய், பத்து நிமிடம் வாசித்துத் தருவீர்களா ஐயா என்று கேட்டேன். விறாந்தையில் பாயைப் போட்டு, விரல்களில் கூடு மாட்டி, பூவரசங் கழியை எடுத்து இருபது நிமிடம் வாசித்தார். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

அந்தப் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அடியில் கனத்த பேஸ் ஒலி ஒன்று போட்டேன். ஆறு பாட்டுள்ள அல்பத்தில் மூன்று பாட்டு அந்தத் தவிலின் மேல்தான் நிற்கிறது. கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரே விற்கிற பாண்ட்காம்ப் இணையத்தளத்தில் 7 டொலருக்குப் போட்டோம். நான் நினைத்ததை விட விற்றது. சந்தோஷத்தில் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு ஐயாவிடம் ஓடினேன்.

கண்ணை மூடிக்கொண்டு மூன்று பாட்டையும் கேட்டார். விரல் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதில நிண்டு வாசிக்கிறது நான்தானே?”

“ஓம் ஐயா.”

“அப்ப இது ஒவ்வொருக்கா விக்கேக்க எனக்கு என்ன?”

கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் இல்லை. அவரே தொடர்ந்தார்: “எங்கட மேளத்தில தாளம் போடுற பெடியனுக்கும் பங்கு இருக்கு.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒரு கொப்பியோடு திரும்பப் போனேன். 7 டொலரில் பாண்ட்காம்பின் பங்கு 15 வீதம், அதாவது 1 டொலர் 5 சதம். காசு கைமாறுகிற கட்டணமும் போனால் ஐந்தரை டொலர் அளவில் மிஞ்சும். அதில் 15 வீதம் அவருக்கு என்று பேசி முடித்தோம். தமிழில் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து தாள் எழுதாமல் எங்கள் லேபிளில் ஒரு பாட்டும் வெளிவந்ததில்லை. மூலப் பதிவு கலைஞருடையது, லேபிளுக்கு ஐந்து வருட உரிமை மட்டும், செலவைக் கழிப்பதானால் பற்றுச்சீட்டோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. அவ்வளவுதான் அந்தத் தாளில் இருக்கும்.

காசு இங்கே வந்து சேர்வது வேறு கதை. பாண்ட்காம்ப், இணையத்தில் காசு அனுப்புகிற பேபால் வழியாகத்தான் தந்தது. அப்போது இலங்கையில் பேபால் கணக்கில் காசு அனுப்பலாம், வாங்க முடியாமல் இருந்தது. கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் பெயரில் கணக்குத் திறந்தோம். அண்ணா நல்ல மனிசன். ஆனால் அந்தக் காசு அவருடைய வருமானமாகத்தான் அங்கே எழுதப்படும் என்பது வரி நேரத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. இதைத் தொடங்குகிறவர்கள் யார் பெயரில் காசு வருகிறது என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

அல்பம் விற்று நான் சாப்பிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அல்பத்தைக் கேட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்கிற ஒரு குழு இசை கேட்டு வந்தது. அந்த ஒரு வேலையின் காசு அல்பத்தின் ஆறு மாத விற்பனைக்குச் சமம். பிறகு குறும்படங்கள், விளம்பரங்கள், மற்றவர்களின் பாட்டுக்கு மிக்ஸிங். வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது. அந்த வேலைகளைக் கூட்டி வந்தது லேபிள். 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றபோது, வந்த நேரத்தில் எழும்பி வேலை செய்தேன், அது இரவு இரண்டு மணியானாலும். 90களில் கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர் அப்பா. பக்கத்தில் ஒரு தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார்.

கொக்குவிலிலிருந்து

உங்கள் தாளைப் பற்றி வாசிக்க எனக்கு அழுகை வந்தது அண்ணா. நான் பாடி, கணினியில் நானே இசை சேர்த்த முதல் பாட்டை 2019 இல் ஒரு வெளிநாட்டு லேபிளுக்குக் கொடுத்தேன். பதினொரு பக்கம் ஆங்கிலத்தில் வந்தது. வெளிவரப் போகிறதே என்ற ஆசையில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். முடிவுத் திகதியே இல்லாத உரிமை அது. இன்றைக்கும் என் குரலை என் பக்கத்தில் என்னால் போட முடியாது.

இப்போது நானே வெளியிடுகிறேன். புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீடு ஒன்று இருக்கும். பாட்டை இணையத்தளங்களுக்கு அனுப்புகிற விநியோக நிறுவனத்தை மாற்றும்போது பழைய குறியீட்டையே கொடுங்கள், கேட்கப்பட்ட எண்ணிக்கை அதோடுதான் வரும். அந்த எண்ணிக்கை முக்கியம். 2024 முதல், இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்பொட்டிபையில் 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. அதனால் நான் பாண்ட்காம்ப் வெள்ளிக்கிழமைகளைப் பார்த்துத்தான் பாட்டு விடுகிறேன். 2020 மார்ச்சில் தொடங்கியது அது, அந்த வெள்ளிகளில் பாண்ட்காம்ப் தன் பங்கை எடுப்பதில்லை. அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதால் எங்களுக்கு வெள்ளி மத்தியானம் தாண்டித்தான் தொடங்கும். ஒருமுறை காலையிலேயே அறிவித்து, உடனே வாங்கியவர்களின் காசில் பாண்ட்காம்புக்குப் பங்கு கொடுத்துவிட்டேன்.

சாவகச்சேரியிலிருந்து

நான் கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்கு டீஜே. மாதம் முழுக்க வீட்டைப் பார்ப்பது அந்தக் காசுதான், சொந்தப் பாட்டு இரவில். போன ஆவணியில் ஒரு மண்டபத்தில், சாப்பாட்டு நேரம், இணுவில் அண்ணா, உங்கள் அல்பத்தில் இரண்டாவது பாட்டைப் போட்டேன். மேளக்காரர் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தவில்காரர் தவிலுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“இது ஆர்ர அடி?”

நான் சொல்ல முதல் அவரே உங்கள் ஐயாவின் பெயரைச் சொன்னார். வேகத்தைப் பாதியாக்கியும் கை தெரிகிறதாம்! மெஷினுக்குள்ளே இப்படிப் போட்டவர்கள் அவருக்குக் காசு கொடுத்தார்களா என்று அடுத்த கேள்வி. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரியும், கண்டால் சொல்வேன்.

இணுவிலிலிருந்து, மீண்டும்

கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. போன கிழமைதான் மூன்று மாதக் கணக்கைக் கொண்டு போனேன். நாலாயிரத்துச் சொச்சம். பெரிய காசில்லை, ஒரு திருவிழாச் சம்பளத்துக்குப் பக்கத்திலும் வராது. ஐயா கணக்குத் தாளை வரிவரியாக வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த பதிவுக்குத் தாளம் போடுகிற பெடியனையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். அவனுக்கும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன், வீதம் மட்டும் இன்னும் நிரப்பவில்லை.