கிரிமினாலஜி படித்தவர்கள் வாங்க: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்வு

படிவம்_ஆறு:
எம்.ஏ. இரண்டாம் வருடம், ஒரு மாத இன்டர்ன்ஷிப். நன்னடத்தை அலுவலர் மேடத்தோடு ஒரு பையன் வீட்டுக்குப் போனோம். பைக் திருட்டு, வயது 16. அவன் குடும்பம், சூழ்நிலை பற்றிச் சிறார் நீதி வாரியத்துக்கு எஸ்.ஐ.ஆர். (சமூக விசாரணை அறிக்கை) கொடுக்க இருக்கிற 15 நாளில் பாதிக்கு மேல் போயாச்சு. மேடம் அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போய்விட்டதால் அந்த அறிக்கைக்கான படிவம் 6 என் கையில். அம்மா மட்டும்தான் வீட்டில். வருமானம் எவ்வளவு, பையன் யாரோடு சேருவான், பீடி சிகரெட் உண்டா என்று நான் வரிசையாகக் கேட்க, அவர் வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் சட்டென்று எழுந்து உள்ளே போய், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரேஷன் கார்டை எடுத்து வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை, தன் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினார். "இதுலேருந்து அவன் பேரை எடுத்துருவாங்களாம்மா?"

'நண்பர்கள்' என்ற இடத்தை நிரப்பும்போது எனக்கு சதர்லாண்ட் கோட்பாடு, அதாவது பழகுகிறவர்களிடமிருந்துதான் குற்றம் கற்றுக்கொள்ளப்படுகிறது என்பது, முழுசாக ஞாபகம் வந்தது. அந்த அம்மா கேட்டதற்கு ஒரு வரி பதில் வரவில்லை. மேடம் வந்ததும் கேட்கலாம் என்றேன். மேடம் வந்தார், கிளம்பிவிட்டோம், கேட்கவில்லை.

பிகாம்_பேக்பெஞ்ச்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். பி.காம். முடித்து, டி.வி. தொடர் பார்த்த ஆசையில் எம்.ஏ. கிரிமினாலஜி சேர்ந்தேன். தடய அறிவியல் லேபுக்குக் கூட்டிப்போனார்கள். மைக்ரோஸ்கோப்பில் இரண்டு தோட்டாக்களின் கோடுகளைச் சேர்த்துக் காட்டினார் அங்கிருந்த அதிகாரி, ஒன்றோடொன்று அப்படியே பொருந்தி நின்றது, எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் அவர், "இங்க வேலைக்கு வரணும்னு யாருக்கெல்லாம் ஆசை?" என்றார். முக்கால்வாசிப் பேர் கை தூக்கினோம். "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி படிச்சவங்க மட்டும் கையை வச்சிருங்க." நான் கையை இறக்கி, இறக்கியது தெரியாத மாதிரி தலையைச் சொறிந்தேன். சேருவதற்கு முன்னால் ஒருத்தராவது சொல்லியிருக்கலாம் இல்லையா.

காக்கிக்கனவு:
பேக்பெஞ்ச், ஒருத்தராவது சொல்லியிருக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? எம்.எஸ்சி. தடய அறிவியல் வேறு, எம்.ஏ. குற்றவியல் வேறு. பாடத்திட்டத்தைப் பார்த்தாலே தெரியும். நான் எஸ்.ஐ. தேர்வுக்கு உதவும் என்று நம்பிப் படித்தவன். உடற்தகுதித் தேர்வில் கயிறு பாதியில் கையை உரித்தது, அதோடு சரி. அதை விடுங்கள், இனி சேரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எஸ்.ஐ. ஆக ஏதாவது ஒரு டிகிரி போதும், அதற்காக இதைப் படிக்காதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் இரண்டிலும் இதற்கென்றே துறை இருக்கிறது. சேரும் முன் சீனியர்களிடம் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நன்னடத்தை அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சிறைத்துறை நலப்பணி, தொண்டு நிறுவனங்கள், இவைதான் நேர் வழி, இவற்றில் பல ஒப்பந்த வேலை என்பதையும் மனதில் வையுங்கள். முடிந்தால் கூடவே சட்டம் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள், பழைய ஐ.பி.சி. நோட்ஸை வைத்து நேர்காணலுக்குப் போய் மாட்டாதீர்கள். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்கில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 176(3) சொல்கிறது, ஆக அறிவியல் படித்த பிள்ளைகள் தடய அறிவியல் பக்கமே போங்கள். தனியார் என்றால் வங்கி மோசடிப் பிரிவு. ஏ.சி. ரூம், டென்ஷன் இல்லை.

டெபிட்_கார்டு_தம்பி:
டென்ஷன் இல்லையா அண்ணே? அந்த ஏ.சி. ரூமில்தான் இருக்கிறேன். போன மழைக்காலம், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் லைனில் வந்தார். மோசடிக்காரர்கள் போலீஸ் மாதிரி பேசி, 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ காலில் இரண்டு நாள் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது என்று நான் சொன்ன பிறகும், "கேமராவை ஆஃப் பண்ணலாமா சார்?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை நிறுத்தலாம் என்றேன். பேசி முடித்து வைக்கப் போகும்போது, "பையனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றார். என் அப்பா வயது. விக்டிமாலஜி (குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பாடம்) தாளில் எனக்கு நல்ல மார்க், ஆனால் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய் குடிக்காமலே திரும்பி வந்தேன்.

காக்கிக்கனவு:
தம்பி, அது தனி விஷயம். படிவம் ஆறு அக்காவுக்கு ஒன்று: 2015 இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 24 படி, குற்றம் செய்ததாக முடிவானாலும் அந்தச் சிறுவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. பெரியவர்போல் விசாரிக்கிற கொடுங்குற்ற வழக்கு என்றால்தான் வேறு. பைக் திருட்டில் அந்தப் பேச்சே இல்லை. இதைச் சொல்லியிருக்கலாமே?

படிவம்_ஆறு:
பிரிவு 24 தெரியும் சார், செமஸ்டரில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அவர் தகுதியிழப்பு என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

பிகாம்_பேக்பெஞ்ச்:
அந்தப் பையன் என்ன ஆனான்?

படிவம்_ஆறு:
தெரியாது. அடுத்த வாரம் இன்டர்ன்ஷிப் முடிந்தது. பெயர், ஊர் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் என் நோட்டிலும் குறிக்கவில்லை. தெரு மட்டும் ஞாபகம் இருக்கிறது, அந்த வழியாகத்தான் இப்போது பஸ்ஸில் ஆபீஸ் போகிறேன்.