குடல் பயாப்சியில் காசநோயா, குரோன் நோயா: சாயம் மட்டும் தீர்ப்புச் சொல்லுமா?

கேள்வி

வணக்கம். 24 வயதான என் தம்பிக்கு வலது அடிவயிற்றில் வலியும் வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் நீடித்ததால் கொலோனோஸ்கோபி செய்தார்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண்கள் இருந்தன. அங்கிருந்து எடுத்த பயாப்சியில் கிரானுலோமா (அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) இருப்பதாகவும், காசநோய்க் கிருமியைத் தேடும் இசட்.என். (ஸீல்–நீல்சன்) சாயத்தில் கிருமிகள் தென்படவில்லை என்றும், குடல் காசநோய், குரோன் நோய் (குடலில் நீடித்த அழற்சி உண்டாக்கும் நோய்) இரண்டையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அறிக்கை வந்திருக்கிறது. கிருமி தென்படவில்லை என்பதால் காசநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? புற்றுநோய்க்கு ‘இம்யூனோ’ செய்வதுபோல, குரோன் நோயை உறுதிசெய்யும் மார்க்கர் ஏதேனும் உண்டா? இருந்தால் கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதில் 1 (நோயியல் மருத்துவர்)

வணக்கம் சகோதரி. அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. குடல் காசநோயில் திசுவுக்குள் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். காசநோய் என்று பின்னர் உறுதியானவர்களிலும் பலருடைய பயாப்சியில் இசட்.என். சாயம் எதையும் காட்டியிருக்காது. சிவப்பு நிறக் கிருமி தெரிந்தால் அது வலுவான சான்று. தெரியாவிட்டால் அதற்கு அவ்வளவு எடை இல்லை.

குரோன் நோயை நிறம் காட்டி உறுதிசெய்யும் மார்க்கர் எதுவும் அன்றாடப் பரிசோதனையில் இல்லை. கடன் வாங்கித் தேட வேண்டிய சோதனை அதுவல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இம்யூனோ என்பது செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. புற்றுநோயில் அந்தப் புரதம், கட்டி எந்த வகைச் செல்லிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். குரோன் நோயில் குடலுக்குள் கூடும் லிம்போசைட்டுகள், மேக்ரோபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களோ காசநோயிலும் கூடுகின்றவையே. மேக்ரோபேஜைக் காட்டும் சி.டி.68 சாயத்தை இட்டால் இரண்டு நோய்களின் கிரானுலோமாவும் ஒரே பழுப்பு நிறத்தில்தான் தெரியும்.

ஆகவே நாங்கள் பெரிதும் நம்புவது, எல்லா பயாப்சிக்கும் இடப்படும் ஹெமடாக்சிலின்–இயோசின் சாயத்தையே. கிரானுலோமாக்கள் பலவாக, 400 மைக்ரானுக்கு (0.4 மில்லிமீட்டர்) மேல் பெரியனவாக, ஒன்றோடொன்று இணைந்து, நடுவே தயிர்க்கட்டிபோல் சிதைந்திருந்தால் காசநோயின் பக்கம் சாய்வோம். சிறியனவாக, ஓரிரண்டாக, தனித்தனியே இருந்தால், அதுவும் புண் இல்லாத இடத்துத் திசுவில் இருந்தால், குரோன் நோயின் பக்கம் சாய்வோம். தயிர்க்கட்டிச் சிதைவு இருந்தால் முடிவு எளிது. சிறிய பயாப்சித் துணுக்குகளில் அது பெரும்பாலும் அகப்படுவதில்லை.

பதில் 2 (ஆய்வகத் தொழில்நுட்பர்)

மேலே மருத்துவர் சொன்னதோடு, எங்கள் மேசையில் நடப்பதையும் சொல்கிறேன். இசட்.என். சாயத்துக்குக் கார்பால் ஃபுக்சினை ஸ்லைடின்மேல் ஊற்றி, கொதிக்கவிடாமல், ஆவி எழும் அளவுக்குச் சூடாக்குவோம். பிறகு அமிலத்தால் கழுவுவோம். மற்றவை நிறம் இழக்க, காசநோய்க் கிருமி போன்ற சில மட்டும் சிவப்பை விடாது. கடைசியாக மெத்திலின் நீலம். கிருமி இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த ஒரு திசுவையும் கூடவே சாயமிட்டு, அதில் சிவப்பு வந்தால்தான் அன்றைய சாயத்தை நம்புவோம். நாங்கள் வெட்டும் ஒரு சீவல் ஏறக்குறைய 4 மைக்ரான் தடிமன்தான். அதில் கிருமி இல்லை என்பதற்கு அந்தச் சீவலில் இல்லை என்று மட்டுமே பொருள். திசுவைப் பதித்து வைத்திருக்கும் அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கக் கேட்கலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்ட திசுவில் கிருமியை வளர்க்க முடியாது. மறுபடியும் பயாப்சி எடுக்க நேர்ந்தால், சில துணுக்குகளைச் சலைனில் (உப்பு நீரில்) தனியாக அனுப்பி, கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கொடுக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பதில் 3 (குடல் நோய் மருத்துவர்)

இம்யூனோவே இத்துறையில் பயனற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் நீடித்த அழற்சி நோய்) நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தும் அடங்காதபோது, புண்ணின் அடியிலிருந்து திசு எடுத்து சி.எம்.வி. (சைட்டோமெகலோ) வைரஸுக்கான இம்யூனோவைக் கட்டாயம் கேட்கிறோம். அது பாசிட்டிவானால் சிகிச்சையே மாறக்கூடும். நெடுநாள் நோயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமா, புண் ஆறும்போது வரும் மாற்றமா என்ற ஐயத்தில் பி53 என்ற புரதத்துக்கான இம்யூனோ துணைசெய்கிறது. இவை எல்லாம் குறுகிய, தெளிவான கேள்விகள். உங்கள் தம்பியின் கேள்வி அத்தகையது அல்ல. அதற்கு நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று சி.டி. ஸ்கேன், கொலோனோஸ்கோபிப் படங்கள், திசு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே விடை தேட வேண்டும்.

அவ்வளவுக்குப் பின்னும் தெளியாவிட்டால், நம் நாட்டில் காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் மறுபடியும் கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. வலி குறைந்தது, எடை கூடியது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, ஏனெனில் குரோன் நோயாளிகளில் சிலருக்கும் அந்த மருந்தால் தொல்லை சற்றுக் குறைவதுண்டு, ஆனால் புண் ஆறாது. காசநோயைக் குரோன் என்று தவறாகக் கொண்டு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் உடலெங்கும் பரவக்கூடும். குரோனைக் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் காத்திருந்தால் குடல் சுருங்கி அடைப்பு வரலாம்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. வேறொரு நோயியல் மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினால், மறுபடியும் பயாப்சி எடுத்தாக வேண்டுமா?

பதில் 1 (நோயியல் மருத்துவர்)

உடனே வேண்டாம். சோதனை செய்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து, ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் பெற்றுக்கொள்ளுங்கள். குடல் பயாப்சிகளை நிறையப் பார்க்கும் ஒருவரிடம் அவற்றைக் கொடுக்கும்போது, கொலோனோஸ்கோபி அறிக்கையையும், எந்தத் துணுக்கு எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும், தம்பி இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.