நிலைமத் தூண்ட உணரி: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

ஒளியின் துகளான ஒளியனை (photon) ஒவ்வொன்றாக அறியும் மீக்கடத்திக் கருவி ஒன்று உண்டு: kinetic inductance detector. அதற்குத் தமிழில் உதகை நண்பர் தந்த "இயக்கத் தூண்ட உணரி"யை ஏற்க எனக்குத் தயக்கம். கொடைக்கானல் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதும் ஏட்டில்தான் இந்தச் சொல் முதலில் ஏறப்போகிறது. "இதில் எது இயங்குகிறது?" என்றுதான் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரிய எதுவும் அசைவதில்லையே.

அலுமினியம் ஏறத்தாழ 1.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகும். எலக்ட்ரான்கள் கூப்பர் இணைகளாகச் சேர்ந்து தடையின்றி ஓடும். ஆனால் அவற்றுக்கு நிறை உண்டு. மாறுமின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் உடனே திரும்பாமல் முரண்டுபிடிக்கும். அந்த முரண்டுதான் கூடுதல் மின்தூண்டமாக (inductance, மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு) தெரிகிறது. ஓர் ஒளியன் விழுந்து ஆயிரக்கணக்கான இணைகளை உடைத்தால், மிச்சமுள்ளவை அதே மின்னோட்டத்தைச் சுமக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும். தூண்டம் ஏறும், உணரிச் சுற்றின் ஒத்ததிர்வெண் (அது இயல்பாக அதிரும் அதிர்வெண்) இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து ஒளியனின் ஆற்றலே கிடைத்துவிடும்.

ஆக, காரணம் நிலைமம். பிள்ளைகள் பாடத்தில் படித்த சொல். எனவே "நிலைமத் தூண்டம்" என்கிறேன். கம்பியின் வடிவத்தால் வருவது "வடிவத் தூண்டம்". இரண்டும் நல்ல ஜோடி. 2003இல் நேச்சர் இதழில் அறிமுகமான கருவிக்கு "நுண்ணலை நிலைமத் தூண்ட உணரி" என்ற பெயர் நீளம்தான், ஆனாலும் பொருள் சிதையவில்லை.

இங்கு கொடைக்கானலில் உள்ள சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த ஒளிப்படத் தகடுகள் இருக்கின்றன. தகட்டில் ஒளி மொத்தமாகப் படியும். எந்த ஒளியன் எப்போது வந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இந்த உணரியோ ஒவ்வோர் ஒளியனின் வருகையையும் மைக்ரோநொடி அளவில் குறித்துவைக்கும். ஏட்டில் இந்த ஒப்பீடு கட்டாயம் வர வேண்டும்.

அப்புறம், தொலைநோக்கியில் பொருத்துமுன் உணரியைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்கு (simulation) என்ன சொல்? "பாவனை" என்றால் ஈழத்து வாசகர் பயன்பாடு என்று கொள்வார். "போலி"யில் பொய்வாடை அடிக்கிறது. "உருவகப்படுத்தல்" அணியிலக்கணத்துக்குப் போய்விடும். நிரல் செய்வது கருவியின் குறைகளையும் சேர்த்து இயக்கிக் காட்டுவது: முதல் ஒளியனின் துடிப்பு அடங்குமுன் அடுத்தது வந்து கலப்பது, தமக்கென ஒதுக்கிய அதிர்வெண்கள் ஒன்றோடொன்று மோதிப் பயனற்றுப்போகும் படப்புள்ளிகள், இரைச்சல். "ஒப்பியக்கம்" பொருந்துமா?

கூப்பர் இணை உடைந்தபின் வரும், துகளைப் போல நடந்துகொள்ளும் குவாசித்துகளுக்கு (quasiparticle) ஒருவர் சொன்ன "போல்துகள்" எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு மறுப்பு இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம்.