மறு: மனித வாம்ப்-2 புரதத்துக்குத் தமிழ்ப் பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

வாம்ப்-2 (VAMP-2) என்பது நரம்பு செல்லுக்குள் இருக்கும் சிறு சவ்வுப் பைகளின் மேல் பதிந்திருக்கும் ஒரு புரதம். ஆய்வகத்துக்கு வரும் அதன் குப்பியின் விவரச்சீட்டைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தொடங்கிய பேச்சு, ‘மறுசேர்க்கை மனித நுண்குமிழ் கடத்து புரதம்’ என்ற பெயரில் வந்து நிற்கிறது. அந்தப் பெயரை முன்மொழிந்த ஐயா அதற்காக எடுத்துக்கொண்ட உழைப்பு தெரிகிறது. இருந்தாலும் இதை அப்படியே ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தண்டையார்பேட்டையில் மாலை வேளையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். நாம் இங்கே முடிவு செய்கிற சொல் அவர்களுடைய குறிப்பேட்டுக்குத்தான் போகப்போகிறது.

முதலில் ‘கடத்து’. துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த பிள்ளைக்குக் கடத்தல் என்றதும் சுங்கத்துறை பிடிக்கிற தங்கம்தான் நினைவுக்கு வரும். அது போகட்டும், தாவரங்களில் நீர் கடத்தப்படுவதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், பழகிவிடும். என் மறுப்பு வேறு. வாம்ப்-2 எதையும் கடத்துவதே இல்லை. நரம்பு செல்லின் உடலிலிருந்து நுனி வரை அந்தப் பைகளை, அதாவது சரக்கை, இழுத்துப் போவது கைனீசின் போன்ற இயக்கப் புரதங்களின் வேலை. எந்தச் சவ்வில் போய் நிற்க வேண்டும் என்பதில் ராப் புரதங்களுக்குப் பங்கு உண்டு. வாம்ப்-2 சரக்கின் மேல் பதிந்து கூடவே பயணம் போகிறது, அவ்வளவுதான். அதன் வேலை கடைசியில், போய்ச்சேர்ந்த இடத்தில்: இரண்டு சவ்வுகளை ஒன்றாக்குவது. ஆகவே ‘இணைவு’ என்ற சொல் பெயரில் இருந்தே ஆக வேண்டும். கடத்து என்று எழுதினால் மாணவர் தேர்விலும் தப்பாகத்தான் எழுதுவார், அதற்கு நாம்தான் பொறுப்பு.

அடுத்து ‘நுண்குமிழ்’. ஐயாவின் பெயரில் அது வெசிக்கிளை (vesicle), அதாவது அந்தச் சிறு சவ்வுப் பையைக் குறிக்கிறது. ஆனால் நம் பள்ளிப் பாடநூல்களில் வாக்குவோலுக்கு (vacuole) அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. ஒரே செல்லின் படத்தில் இரண்டு வேறு உறுப்புகளுக்கு ஒரே பெயரை எழுத முடியாது. இலங்கைப் பாடநூல்களில் வெசிக்கிளுக்குப் ‘புடகம்’ என்றும் வாக்குவோலுக்குப் ‘புன்வெற்றிடம்’ என்றும் வழங்குகிறார்கள். அங்கே பிள்ளைகள் அதில் படித்துத் தேர்வு எழுதி மருத்துவர் ஆகிறார்கள். கையில் இருக்கிற நல்ல சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்? புடகம் நம் பக்கம் பழக்கமில்லை என்பது உண்மைதான். பழக்கமில்லாத சொல் தப்பான படம் எதையும் மனதில் கொண்டுவராது என்பதால், அதையே நான் நல்லதாக எடுத்துக்கொள்கிறேன். ஆக வாம்ப் என்பது ‘புடக இணைவுப் புரதம்’. 2 என்ற எண் அப்படியே இருக்கட்டும்.

இனி ஸ்நேர். வாம்ப்-2 சேர்ந்திருக்கிற குடும்பத்தின் பெயர் அது. இதற்குக் ‘கண்ணி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் snare என்றால் கண்ணிதான், ஆனால் இந்த ஸ்நேர் (SNARE) என்பது முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். இந்தப் புரதங்கள் எதற்கும் பொறி வைப்பதில்லை. இவை செய்வது என்ன? புடகத்தின் பக்கமிருந்து வாம்ப்-2 ஓர் இழை தருகிறது. செல்சவ்வின் பக்கமிருந்து சின்டாக்சின் என்ற புரதம் ஓர் இழை, ஸ்நாப்-25 என்ற புரதம் இரண்டு இழை. நான்கும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்போது இரண்டு சவ்வுகளும் நெருங்கி, ஒட்டி, கடைசியில் ஒன்றாகிவிடுகின்றன. 1998இல் இந்த நான்கிழைக் கட்டின் படிக அமைப்பு வெளிவந்தது. அந்தப் படத்தை வகுப்பில் திரையில் போட்டபோது, அப்பாவோடு விசைப்படகில் போய்வருகிற பையன் ஒருவன் எழுந்து, “மூணு புரி கயிறுதான் சார் பாத்துருக்கேன், இது நாலு புரி” என்றான். நாம் தேடிக்கொண்டிருந்த சொல் அவன் வாயில் சாதாரணமாக வந்தது.

புரி என்றால் கயிற்றின் ஓர் இழை. முறுக்குதல் என்ற வினையும் அதுவே. முப்புரிநூல் நமக்குத் தெரிந்த சொல்தானே. எனவே ஸ்நேர் புரதத்துக்குப் ‘புரிபுரதம்’ என்று முன்மொழிகிறேன். நடுவில் ‘ப்’ போட வேண்டாம், தயவுசெய்து. வினைத்தொகையாகவே இருக்கட்டும். ஏனென்றால் வாம்ப்-2 தனியாக இருக்கும்போது பெரும்பாலும் ஒழுங்கான வடிவம் இல்லாமல் தளர்ந்து கிடக்கிறது. கூட்டாளிகள் சேரும்போதுதான் சுருளாக முறுக்கேறுகிறது. முறுக்கேறும் செயலைச் சொல்கிற பெயரே அதற்குப் பொருத்தம். நான்கும் சேர்ந்த கட்டுக்கு ‘நாற்புரி’. புடகத்தில் இருப்பது புடகப் புரி, எதிர்ச் சவ்வில் இருப்பது இலக்குப் புரி. புரிதல் என்றால் விளங்குதல் அல்லவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதில்லை.

இந்தச் சொல்லைப் பாடத்தில் வைத்துப் பார்த்தேன். வியாசர்பாடிப் பட்டறையில் துருப்பிடித்த தகடு கிழித்தால் உடனே டி.டி. ஊசி போட ஓடுகிறோம், எதற்காக? ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் நச்சு நரம்புக்குள் புகுந்து வாம்ப்-2வைச் சரியாக 76ஆம், 77ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டுகிறது. மொத்த நீளமே 116தான். புடகப் புரி அறுந்த பிறகு நாற்புரி கட்டிக்கொள்ள வழியில்லை. புடகங்கள் நிறைந்து நின்றாலும் உள்ளே இருப்பதை வெளியே விட முடியாது. தண்டுவடத்தில் தசையை அடக்கி வைக்கிற நரம்புகளுக்கு இப்படி ஆவதால்தான் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைகிறது. 1992இல்தான் இந்த வெட்டு தெரியவந்தது. முகச்சுருக்கத்துக்குப் போடுகிற போடாக்ஸ், அதாவது பாட்டுலினம் ஏ வகை நச்சு, வெட்டுவது எதிர்ப்பக்கத்து ஸ்நாப்-25ஐ. புடகப் புரி, இலக்குப் புரி என்ற இரண்டு சொல் இருந்தால் இந்த வேறுபாட்டை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

‘மறுசேர்க்கை’ (recombinant) பற்றிச் சுருக்கமாக. மறுபடி சேர்க்கப்பட்டது டி.என்.ஏ.தான், புரதம் இல்லை. ‘மறுசேர்க்கை மனிதப் புரதம்’ என்று படிக்கிற பிள்ளை, யாரோ ஒருவர் உடம்பிலிருந்து எடுத்துப் பிய்த்துச் சேர்த்த புரதம் என்று நினைக்க இடம் உண்டு. மனித மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் சேர்த்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அது செய்து தரும் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மனித இன்சுலினும் இப்படி வந்ததுதான். பாடநூலில் ஊன்றிவிட்ட மறுசேர்க்கையைப் பிடுங்க வேண்டாம், ‘வழி’ என்று ஓரசையைச் சேர்த்தால் போதும். குப்பியின் மேல் ‘மறுசேர்க்கைவழி மனிதப் புடக இணைவுப் புரதம்-2’ என்று வரட்டும். நீளம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் உண்மையைச் சொல்கிறது. அன்றாடப் பேச்சில் வாம்ப்-2 என்றே சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

புடகம் வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள், ஆனால் வாக்குவோலோடு மோதாத சொல்லாக இருக்க வேண்டும். ராப் புரதங்களுக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை. யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், திங்களன்று குறிப்பேடு நகலெடுக்கப் போகிறது.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து