முதல் பறப்பிலேயே இடது பக்கம் இழுக்கிறது: டிரிம்மா, எடைமையமா, வேறு ஏதாவதா?

புதுச்சிறகு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரிமோட்டில் ஓட்டும் டிரெய்னர் மாதிரி விமானம் ஒரு வருடம் ஓட்டியபிறகு, ஈ.பி.பி. என்கிற நுரையில் முதல்முறையாக ஒரு ஏரோபாட்டிக் (வான்சாகச) விமானம் கட்டினேன். இறக்கை 81 செ.மீ., பேட்டரியோடு சேர்த்து 198 கிராம். 3 செல் 450 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி, 8×3.8 அங்குல ப்ராப் (ப்ரொப்பெல்லர்), பலகைகளை அசைக்க 5 கிராம் சர்வோ மோட்டார் மூன்று. இறக்கை தட்டையான ஒரே பலகைதான், கார்பன் குச்சி வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை முதல் பறப்பு. மொத்தமே 40 வினாடி. முக்கால் த்ராட்டிலில் (மோட்டார் வேகத்தில்) கையால் எறிந்தேன். எறிந்த உடனே இடது பக்கம் சாய்ந்து திரும்ப ஆரம்பித்தது. வலது எய்லரான் (இறக்கையின் பின்னால் உள்ள, விமானத்தைச் சாய்க்கும் பலகை) கொடுத்துப் பிடித்துக்கொண்டே, அதை அதே நிலையில் நிறுத்திவைக்கும் டிரிம் பொத்தானைத் தட்டினேன், 12 கிளிக் போட்ட பிறகுதான் நேராகப் போனது. மூக்கும் ஒரு நிலையில் நிற்கவில்லை. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரைக் கொஞ்சம் தொட்டாலே குதிரை மாதிரி எகிறுகிறது, விட்டால் திரும்பி வருவதில்லை. பயந்துபோய் இறக்கிவிடலாம் என்று த்ராட்டிலை முழுக்க மூடினேன். அந்த நொடியே வலது பக்கம் உருண்டு, இறக்கை நுனி புல்லில் குத்தி நின்றது. நுரை என்பதால் சேதம் இல்லை.

எடைமையம் வரைபடத்தில் சொன்ன 103 மி.மீ.தான், கட்டி முடித்தவுடனே பார்த்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் அலமாரியிலிருந்து விழுந்து வால் பக்கம் விரிசல் விட்டது, ஹாட் குளூ வைத்து நன்றாக ஒட்டிவிட்டேன், இப்போது கல் மாதிரி இருக்கிறது. ரேட் (பலகைகள் அசையும் அளவு) 100 சதவீதம், எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) எதுவும் வைக்கவில்லை.

அடுத்த தடவை இன்னும் டிரிம் போடவா? அல்லது இறக்கை முறுக்கியிருக்குமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

வேகப்பிரியன்:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஜைரோ (சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கருவி) உள்ள ரிசீவர் ஒன்றை மாட்டுங்கள். நானும் இப்படித்தான் ஒரு விமானத்தோடு மல்லுக்கட்டினேன். ஜைரோ போட்டதும் தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது.

பழைய ப்ராப்:

வேகப்பிரியன் மன்னிக்கணும், சோதனைப் பறப்பில் ஜைரோ கூடாது என்பது என் கட்சி. கோணலை அது சரிசெய்யாது, நம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நல்ல விமானத்துக்கு அப்புறமாகப் போட்டுக்கொள்ளலாம். போடும்போது தரையில் ஒன்று பார்க்க வேண்டும்: விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைத் தாழ்த்தினால் வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே போக வேண்டும். தலைகீழாக வேலை செய்தால், எறிந்த 2 வினாடியில் பொறுக்கப் போக வேண்டியதுதான். நான் பொறுக்கியிருக்கிறேன்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது. த்ராட்டில் இருந்தபோது இடது பக்கம் இழுத்தது. 12 கிளிக் வலது டிரிம் போட்டு நேராக்கினீர்கள். த்ராட்டிலை மூடியதும் வலது பக்கம் உருண்டது. இறக்கை முறுக்கியிருந்தாலோ ஒரு பக்கம் கனமாக இருந்தாலோ, மோட்டார் நின்ற பிறகும் அந்தக் கோளாறு அப்படியே இருக்கும், உங்கள் டிரிம்மும் அதை ஓரளவு பிடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் நின்றதும் கோளாறு மறைந்து டிரிம் மட்டும் மிஞ்சியது என்றால், கோளாறு மோட்டார் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். டிரிம்மை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அது மருந்து இல்லை.

பின்னாலிருந்து பார்க்கும்போது ப்ராப் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடது பக்கம் சாய்க்கும். ப்ராப் தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிச் சுருளாகப் போய் வால் துடுப்பின் இடது முகத்தில் அடித்து, மூக்கையும் இடது பக்கம் திருப்பும். எல்லா விமானத்துக்கும் இது உண்டு. ஆனால் 198 கிராம் விமானத்தில் 8 அங்குல ப்ராப் பெரிய ஆள், அதனால் உறைக்கும். இதற்காகத்தான் மோட்டாரை 2, 3 டிகிரி வலது பக்கம் திருப்பி வைக்கிறோம். உங்கள் வரைபடத்திலும் இருக்கும், பாருங்கள். மவுண்ட் 30 மி.மீ. அகலம் என்றால், இடது பக்கத் திருகுகளுக்கு அடியில் 1 மி.மீ. வாஷர் வைத்தால் ஏறக்குறைய 2 டிகிரி கிடைத்துவிடும்.

ஆனால் 12 கிளிக் என்பது எனக்கு உதைக்கிறது. வெறும் 2 டிகிரி குறைந்ததற்கு அவ்வளவு இழுக்காது. ஒரு கேள்வி: மோட்டார் மவுண்டையும் ஹாட் குளூவில்தான் ஒட்டினீர்களா? பறக்கவிடுவதற்கு முன் விமானம் வெயிலில் கிடந்ததா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் முனையைக் கட்டைவிரலால் நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். தடவிப் பார்க்காதீர்கள், தள்ளுங்கள். முழு த்ராட்டிலில் அந்த ப்ராப் விமானத்தின் எடையைவிட அதிகமாக இழுக்கும், விரலால் அந்த அளவு அழுத்தினால்தான் தெரியும்.

இரண்டாவது, அந்த "அப்புறம்". எடைமையம் பார்த்தீர்கள், அப்புறம் வால் உடைந்தது, அப்புறம் கல் மாதிரி ஒட்டினீர்கள். திரும்ப எடைமையம் பார்த்தீர்களா? கணக்கைக் கேளுங்கள். எடைமையத்திலிருந்து 45 செ.மீ. பின்னால் 3 கிராம் பசை. 3 × 45 = 135. அதை 198ஆல் வகுத்தால் 0.68 செ.மீ. அதாவது 3 கிராம் பசை எடைமையத்தை ஏழு மி.மீ. பின்னால் தள்ளிவிடும். ஹாட் குளூ குச்சியில் பாதி போனாலே இந்தக் கணக்கு வந்துவிடும். தொட்டால் எகிறுகிறது, விட்டால் திரும்பி வருவதில்லை என்றீர்களே, வால் கனத்துக்கு அதைவிட நல்ல விவரணை எனக்குத் தெரியாது.

பேட்டரியை நகர்த்திச் சரிக்கட்டலாமே என்று கேட்பீர்கள். 40 கிராம் பேட்டரியை ஒரு செ.மீ. முன்னால் தள்ளினால் எடைமையம் 2 மி.மீ. மட்டும்தான் வரும். 7 மி.மீ.க்கு மூன்றரை செ.மீ. வேண்டும், உங்கள் மூக்கில் அவ்வளவு இடம் இருக்காது. மூக்கில் ஈயம் வைக்கிற யோசனை வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வாலில் உள்ள 3 கிராமை எடுப்பதுதான் வழி. ஈ.பி.பி.க்குச் சாதாரண சயனோ பசையே (சூப்பர் குளூ) போதும், நுரையைத் தின்னாது, 4 சொட்டில் வேலை முடியும். டெப்ரான் என்கிற வேறு வகை நுரையாக இருந்தால் மட்டும் நுரைக்கென்று விற்கிற சயனோ வாங்க வேண்டும், சாதாரணமானது கரைத்துவிடும்.

ரேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 45 டிகிரி போகிற எலிவேட்டரை எக்ஸ்போ இல்லாமல் முதல் பறப்பில் வைத்திருக்கிறீர்கள், அது உங்களை 40 வினாடி தாங்கியதே பெரிது. எலிவேட்டர் 15, எய்லரான் 20, ரட்டர் (வால் துடுப்பின் அசையும் பகுதி) 25 டிகிரி, எல்லாவற்றுக்கும் 30 சதவீத எக்ஸ்போ. இதை ஒரு சுவிட்சில் போட்டு, அதில்தான் எறிய வேண்டும். கோணத்தைக் கண்ணால் பார்க்காமல் அளந்து வையுங்கள்.

இன்னொன்று, என் வழக்கம். சோதனைப் பறப்பில் டிரிம் பார்க்கும்போது நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன், என் மகள் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதுவாள். தரை இறங்கியதும் பாதி மறந்துபோகும், மீதியை நமக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வோம். அவள் 11 வயதில் எழுதிய ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பாதி த்ராட்டில், நேர். முழு த்ராட்டில், இடது. மோட்டார் ஆஃப், நேர். அப்பா ஐயோ என்றார், 2 தடவை." அந்த முதல் மூன்று வரியை வைத்துத்தான் வாஷர் போட்டேன். ஐயோவுக்குக் காரணம் வேறு, லிப்போவைப் பட்டையில் சரியாக இறுக்கவில்லை, அது பாதியில் நழுவிவிட்டது.

புதுச்சிறகு:

அண்ணா, உங்களுக்கு எங்கிருந்தாவது கேமரா தெரிகிறதா? மவுண்டும் ஹாட் குளூதான். விமானத்தை அரைமணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுத்தான் எறிந்தேன், காற்று நிற்கட்டும் என்று காத்திருந்தேன். இப்போது தள்ளிப் பார்த்தேன். மேலும் கீழும் அசையவில்லை. ஆனால் இடது பக்கம் தள்ளினால் ப்ராப் நுனி கண்ணுக்குத் தெரிகிற அளவு போகிறது, விட்டால் மெதுவாகத் திரும்பி வருகிறது, சூயிங்கம் மாதிரி. பிய்த்து எடுத்ததில் ஒரு பக்கப் பசை நுரையை விட்டு முழுக்க உரிந்திருந்தது.

எடைமையம் 110 மி.மீ. இருக்கிறது. நீங்கள் சொன்ன ஏழு மி.மீ.யேதான். வெட்கமாக இருக்கிறது.

கூரைக்குள் பறப்பவன்:

வெட்கம் எதற்கு, நாங்கள் எல்லோரும் கிராம் கணக்கில்தான் அடி வாங்கியிருக்கிறோம். நான் எஃப் 3 பி (F3P) பழகுகிறவன், உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் உள்ளரங்க ஏரோபாட்டிக் வகை. என் விமானம் 64 கிராம். அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலே தராசில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். காற்று. உங்கள் இறக்கைப் பரப்பு 19, 20 சதுர டெசிமீட்டர் இருக்கும், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 கிராம் சுமை. அப்படியானால் விமானம் தாங்கி நிற்கும் மிகக் குறைந்த வேகமே மணிக்குச் சுமார் 15 கி.மீ.தான். 10 கி.மீ. காற்றில் அதைச் சோதித்தால் நீங்கள் எழுதிக்கொள்வதெல்லாம் காற்றைப் பற்றிய குறிப்புதான். மரத்தில் இலை அசைந்தால் நான் பெட்டியைத் திறப்பதே இல்லை.

பக்கவாட்டுச் சமநிலையும் பாருங்கள். ப்ராப் தண்டையும் வாலின் நுனியையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு, எந்த இறக்கை தாழ்கிறது என்று பார்த்தால் போதும். தாழாத பக்க நுனியில் சிறிய நாடாத் துண்டு ஒட்டினால் சரியாகிவிடும்.

பழைய ப்ராப்:

காற்று விஷயத்தை எழுத மறந்தேன், நல்ல வேளை சொன்னீர்கள்.

தம்பி, மவுண்டுக்கு 2 மி.மீ. பிளைவுட் தகடு வெட்டி எபாக்ஸியில் ஒட்டுங்கள், 2 டிகிரி வலது சாய்வோடு. காய்ந்ததும் ப்ராப் இல்லாமல் மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். அப்படியே டிரான்ஸ்மிட்டரை அணைத்து மோட்டார் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ப்ராப் மாட்டிய பிறகு அந்தச் சோதனை செய்தவர்களின் விரல்களை எனக்குத் தெரியும்.

அடுத்த பறப்பில் ஏரோபாட்டிக் எதுவும் வேண்டாம். உயரம் ஏறி, பாதி த்ராட்டிலில் நேராகப் போய், அந்த வேகத்தில் மட்டும் டிரிம் பாருங்கள். பிறகு மோட்டாரை மூடிச் சறுக்கவிடுங்கள், சாய்கிறதா என்று பார்க்க. அதன்பின் முழு த்ராட்டில். கடைசியாக, இரண்டாவது பேட்டரியில் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 45 டிகிரி ஏறிக்கொண்டே தலைகீழாகப் புரட்டி எலிவேட்டரை விட்டுவிடுங்கள். மூக்கு உடனே தரையைத் தேடினால் முன் கனம். கொஞ்ச தூரம் அதே கோட்டில் போய் மெல்லத் தாழ்ந்தால் அருமை. வானத்தைப் பார்த்து ஏறினால் இன்னும் வால் கனம் போகவில்லை. ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது.

புதுச்சிறகு:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். வால் பசையைச் சுரண்டி எடுத்துத் தராசில் வைத்தேன்: 3.4 கிராம். சயனோவில் ஒட்டியபிறகு எடைமையம் 104. பேட்டரியை அரை செ.மீ. முன்னால் தள்ளியதும் 103. பேட்டரியின் இடத்தைப் பேனாவால் கோடு போட்டுவிட்டேன்.

இன்று விடியும்போது என் தம்பியை நோட்டோடு நிறுத்திப் பறந்தேன். 4 நிமிடம். பாதி த்ராட்டிலில் எய்லரானுக்கு 1 கிளிக், எலிவேட்டருக்கு 2. சறுக்கும்போது நேர். முழு த்ராட்டிலில் இன்னும் லேசாக இடது பக்கம் போகிறது, ஆனால் விரல் நுனியால் பிடிக்கிற அளவுதான். தலைகீழ்ச் சோதனைக்கு இரண்டாவது பேட்டரி போடுவதற்குள் இலை அசைய ஆரம்பித்தது, பெட்டியை மூடிவிட்டேன்.

தம்பியின் நோட்டில் கடைசி வரி: "அண்ணன் விமானத்தைத் தரையிறக்கும்போது மூச்சே விடவில்லை."

பழைய ப்ராப்:

இன்னொரு அரை மி.மீ. வாஷர் போடுங்கள். தலைகீழ்ச் சோதனை முடிந்ததும் எழுதுங்கள், நைஃப் எட்ஜில் (இறக்கையைச் செங்குத்தாக நிறுத்திப் பறக்கும்போது) ரட்டர் கொடுத்தால் மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் உங்கள் தம்பியைக் குறிக்கச் சொல்லுங்கள். மிக்ஸிங் (ஒரு பலகை அசையும்போது இன்னொன்றும் தானே அசையும் அமைப்பு) பற்றி அப்போது பேசலாம்.