ஊர் ஊராகப் போகும் தணிக்கை வேலைக்கு எந்த மடிக்கணினி தாங்கும்?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் சிறியதொரு தணிக்கை அலுவலகம் நடத்தி வருகிறேன். மாதத்தில் பாதி நாள்கள் என் நாற்காலி காலியாகவே இருக்கும். விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி, தூத்துக்குடி என்று பேருந்தில் போய், வாடிக்கையாளர்களின் இடத்திலேயே அமர்ந்து கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. ஏப்ரல் மாதம் வங்கிக் கிளைத் தணிக்கை வந்துவிட்டால் இன்னும் உள்ளே, சிற்றூர்களுக்குப் போக வேண்டும். அங்கே மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரில் இருப்பது வங்கியின் கணினிகளுக்கே சரியாக இருக்கும். தணிக்கைக்கு வந்தவர் சார்ஜரைச் செருக இடம் கேட்பது அழகாக இராது. இவை தவிர, மாதம் இருமுறை வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கும், ஆண்டுக்கு ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் கிளையைப் பார்க்கத் துபாய்க்கும் போய் வருகிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு முன் 52,000 ரூபாய்க்கு வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினி. எந்த நிறுவனத்துடையது என்று சொல்ல விரும்பவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே இடப்பக்கக் கீல் விட்டுப்போனது. பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். அது ஆறு மாதம் தாங்கியது. இப்போது திரையைத் தூக்கும்போதெல்லாம் அடிப்பாகத்தின் ஓரம் வாய் பிளந்து உள்ளிருக்கும் கம்பிகள் தெரிகின்றன. பேட்டரி முக்கால் மணி நேரம் நின்றால் பெரிது. போதாக்குறைக்கு, ஒரு மாதமாக டச்பேட் இறுகிப்போய் எவ்வளவு அழுத்தினாலும் ‘கிளிக்’ ஆவதில்லை. மேசைமீது வைத்தால் ஒரு மூலை ஆடுகிறது. தனியாக ஒரு மவுஸ் வாங்கிச் செருகிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

டேலி பிரைம் கணக்கு மென்பொருள், ஒரு லட்சம் வரிசைகளைத் தாண்டும் எக்செல் கோப்புகள், பிரவுசரில் திறந்தபடியே இருக்கும் இருபது பக்கங்கள், அரசு இணையதளங்களில் கையொப்பமிட யூஎஸ்பி டோக்கன், இவ்வளவுதான் என் தேவை. 90,000 ரூபாய் வரை செலவிடலாம். மகன் மேக்புக் ஏர் வாங்கச் சொல்கிறான். கடைக்காரரோ, அதே விலைக்குக் கேமிங் மடிக்கணினியே கிடைக்கும்போது வேறெதற்குப் பார்க்கிறீர்கள் என்கிறார். எனக்கு வேகம் இரண்டாம்பட்சம். வரித் தணிக்கை அறிக்கைகளுக்குக் கெடு முடியும் செப்டம்பர் கடைசி வாரத்தில் என்னைக் கைவிடாத கணினிதான் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

கீலும் திருகும்:

ஐயா, வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் பழைய கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி வையுங்கள். டச்பேட் இறுகுவதும் அடிப்பாகம் மேசைமீது ஆடுவதும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் அது டச்பேட்டின் கோளாறாக இராது. அதன் அடியில் இருக்கும் பேட்டரி உப்பி, மேலே டச்பேட்டையும் கீழே மூடியையும் தள்ளிக்கொண்டிருக்கும். கோவையில் பதினான்கு ஆண்டுகளாக மடிக்கணினிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே மவுஸ் வாங்கிச் செருகிய பிறகுதான் வருகிறார்கள். உப்பிய பேட்டரியைக் குத்தினாலோ, மேலிருந்து அழுத்தி மூடியைப் பூட்டினாலோ தீப்பிடிக்கக்கூடும். அதைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறாதீர்கள்.

இனி கீல். பயணம் செய்பவரின் கணினியில் முதலில் போவது அதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விலை குறைந்த மாடல்களிலும் கீல் உலோகம்தான். ஆனால் அதன் திருகுகள் இறங்குவது பிளாஸ்டிக் தூண்களுக்குள் பதித்த மிகச் சிறிய பித்தளை மரைகளுக்குள். நாள்பட்டுக் கீல் இறுகும்போது, திரையைத் தூக்கும் விசை முழுவதும் அந்தத் தூண்களின்மேல் விழுந்து, மரை பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. உங்களுக்குப் பசை நிற்காததன் காரணம் இதுவே. திரையை நடுவில் பிடிக்காமல் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கத்துக் கீல் இன்னும் விரைவில் போகும். வலக்கையில் பேனாவை வைத்துக்கொண்டு இடக்கையால் திறப்பவர் நீங்கள் என்று ஊகிக்கிறேன்.

அலுவலகங்களுக்கென்றே செய்யப்படும் வரிசைகள் உண்டு: லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, எச்பியின் எலைட்புக், 2025 முதல் டெல் புரோ என்ற பெயருக்கு மாறிவரும் டெல் லாட்டிட்யூட். இவற்றில் கீலைத் தாங்கும் இடம் பொதுவாக உறுதியாக இருக்கும். அதைவிட முக்கியமாக, இவற்றை எப்படிப் பிரிப்பது என்ற கையேட்டை அந்த நிறுவனங்களே இணையத்தில் வைத்திருக்கின்றன. வாங்கும் முன் அந்தக் கையேட்டைத் திறந்து, பேட்டரி சில திருகுகளில் கழன்று வருகிறதா, ரேமுக்குத் தனி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட வழியில்லை. உங்கள் வேலைக்கு 16 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். திங்க்பேட் என்ற பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். விலை குறைந்த ஈ வரிசையும் அதே பெயரில்தான் வருகிறது.

பெட்டியில் ‘மில்-எஸ்டிடி-810எச்’ என்று அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டுவார். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அவற்றுள் எதைச் செய்வது என்பதை நிறுவனமே தேர்ந்துகொள்கிறது. ராணுவம் எந்த மடிக்கணினிக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. கேமிங் மடிக்கணினியைப் பொறுத்தவரை, இரண்டு கிலோவுக்கு மேல் எடையும் செங்கல் போன்ற சார்ஜரும் உங்கள் தோளுக்கு வரும். அதன் கிராபிக்ஸ் அட்டைக்கு டேலியில் ஒரு வேலையும் இல்லை.

புதிதாக எது வாங்கினாலும், அலுவலகத்தில் நாள் முழுவதும் சார்ஜரில் கிடக்கும் நாள்களில் சார்ஜ் 80 விழுக்காட்டோடு நிற்கும்படி அமைத்துவிடுங்கள். சூட்டோடு எப்போதும் முழுமையாக நிரம்பியிருப்பதுதான் பேட்டரியை உப்ப வைக்கும் காரணங்களில் முதன்மையானது.

பேரேடு:

நானும் தணிக்கைத் தொழிலில்தான் இருக்கிறேன், ஈரோட்டில். உங்கள் மகன் சொல்வதில் நியாயம் உண்டு. மேக்புக் ஏரில் விசிறி இல்லாததால் நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியை உள்ளே இழுக்காது. பேட்டரியும் நாள் முழுவதும் நிற்கும். ஆனால் டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஆண்டறிக்கை தாக்கல் செய்யத் தரப்படும் மேக்ரோ எக்செல் கோப்புகளும் அப்படித்தான். மேக்கிற்குள் இன்னொரு விண்டோஸை நிறுவி ஓட்டலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் செப்டம்பர் 29 இரவு பதினொரு மணிக்குக் கையொப்ப டோக்கனை எந்த இயங்குதளம் அடையாளம் காண்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும் நிலைக்கு நான் போக மாட்டேன்.

டோக்கன் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது இன்னும் அகலமான யூஎஸ்பி-ஏ முனை கொண்டதே. மிக மெல்லிய மாடல்களில் யூஎஸ்பி-சி மட்டும் இருக்கும். இடையில் போடும் இணைப்பான் எந்தப் பையில் இருக்கிறதோ அந்தப் பை வீட்டில் இருக்கும். யூஎஸ்பி-ஏ இரண்டு இருந்தால் போதும் என்றும் விட்டுவிடாதீர்கள். டோக்கனின் உடல் தடிமனாக இருப்பதால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் இருந்தால் ஒன்றைச் செருகியதும் மற்றது அடைபட்டுவிடும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இருப்பதைப் பாருங்கள். கடைக்குப் போகும்போது டோக்கனைக் கையோடு கொண்டுபோய்ச் செருகியே பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று: வலப்பக்க எண் விசைகள். 14 அங்குலத்தில் அவை இருக்காது. இருபது ஆண்டுப் பழக்கமுள்ள விரல்களுக்கு அது முதல் மாதம் பெரிய தொல்லை. அதற்காக 16 அங்குலம் வாங்கினால் பேருந்தில் மடியிலும் வைக்க முடியாது, வங்கி மேலாளரின் மேசை ஓரத்திலும் வைக்க முடியாது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் 14 அங்குலம் வாங்கி, எண் விசைகள் மட்டும் கொண்ட சிறிய தனி விசைப்பலகையைப் பையில் போட்டுக்கொள்வதே மேல் என்பது என் கணக்கு. திரை 16:10 விகிதத்தில் இருக்கட்டும். பழைய 16:9 திரையைவிட உயரம் கூடுதல் என்பதால் எக்செலில் நான்கைந்து வரிசைகள் அதிகமாகத் தெரியும். வெளிச்சம் 400 நிட்ஸ் இருந்தால் ரயிலில் சன்னலோரம் அமர்ந்து வேலை செய்யலாம். 250 நிட்ஸ் திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளுக்கு, நேரில் வந்து பழுதுபார்க்கும் வகையில் எடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். ‘மறுநாளே வருவோம்’ என்று எழுதியிருந்ததை நம்பி நான் ஒன்று வாங்கினேன். ஆளும் மறுநாளே வந்தார். உதிரிப் பாகம் ஐந்தாம் நாள்தான் வந்தது. உங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்து, பாகம் எங்கிருந்து வரும் என்று கேட்டு வாங்குங்கள். விலைச்சீட்டில் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு 18 விழுக்காட்டை வரவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும்.

கடவுச்சீட்டு:

மாதம் நான்கு முறையாவது வெளியூர் போகிறவன் என்ற முறையில் மின்சாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் கணினியாகவே வாங்குங்கள். 65 வாட் சார்ஜர் ஒன்று இருந்தால் கணினிக்கும் கைப்பேசிக்கும் அதுவே போதும். தொலைந்தாலும் எந்த ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் இந்த இணைப்பைக் கட்டாயமாக்கியிருப்பதால், உருளை முனைச் சார்ஜர்களுக்கு இனி எதிர்காலம் இல்லை.

ரயில் பெட்டியில் வருவது 110 வோல்ட். சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் அச்சமின்றிச் செருகலாம். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அந்த இணைப்புகளை நிறுத்தி வைக்கும் நடைமுறை இருப்பதால், இரவு வண்டியில் போகும்போது அதை நம்பி இருக்க வேண்டாம். பேருந்துகளில் இருக்கும் யூஎஸ்பி துளை கைப்பேசிக்கு மட்டுமே ஆகும்.

சிற்றூர் வங்கிக் கிளைக்கு, குறைந்தது 65 வாட் வெளியிடும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று எடுத்துப் போங்கள். அதை பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவது போக, மடிக்கணினியின் 50 வாட்-மணி பேட்டரியை ஒருமுறை நிரப்பும். விமானத்தில் தனி அனுமதியின்றி எடுத்துப் போகக்கூடிய வரம்பு 100 வாட்-மணி என்பதால் இது உள்ளே அடங்கும். ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதையே தடை செய்திருக்கிறது. ஒருவர் ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். துபாயின் செருகு துளை பட்டையான மூன்று முனை கொண்டது என்பதும் நினைவிருக்கட்டும். உப்பிய பேட்டரியை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

பழைய சரக்கு:

90,000 ரூபாய்க்கு ஒன்று வாங்குவதைவிட, நிறுவனங்கள் மாற்றிக் கழித்த அலுவலக வரிசைக் கணினிகளில் இரண்டைப் பாதி விலைக்கும் கீழே வாங்கி, ஒன்றை அலமாரியில் தயாராக வைத்திருப்பவன் நான். ஒரே நிபந்தனை: இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றே நிறுத்திவிட்டது. பேட்டரியை வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை ஒரு பழுதுபார்க்கும் கடையில் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தோம். பேட்டரியின் மூன்று பகுதிகளில் நடுவில் இருந்தது பன் ரொட்டிபோல் உப்பி, டச்பேட்டின் அடியில் இருந்த தகட்டையே வளைத்திருந்தது. இதைத்தான் சென்ற வாரம் மடியில் வைத்துக்கொண்டு கோவில்பட்டி வரை போய் வந்தேன். ‘கீலும் திருகும்’ அவர்களுக்கு ஒரு செய்தி: திரையை நான் இடக்கையால்தான் திறக்கிறேன்.

டோக்கனை எடுத்துக்கொண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். முதல் கடையில் டோக்கனைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார்கள். கடைசியில் திங்க்பேட் டி14, 16 ஜிபி ரேம், மூன்று ஆண்டு நேரடி உத்தரவாதம் என்று முடிவு செய்திருக்கிறேன். வரம்பை 4,000 ரூபாய் தாண்டுகிறது, பரவாயில்லை. இரண்டு பழைய கணினிகள் என்ற யோசனை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இரண்டிலும் கோப்புகளை ஒரே நிலையில் வைத்திருக்கும் ஒழுங்கு என்னிடம் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. பழைய கணினியில் கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி, வெளிப்பெட்டியில் போட்டு, வேறொரு கணினியில் செருகிப் பார்த்தோம். கோப்புகளைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு விசையைக் கேட்கிறது. நான் அப்படி எதையும் எழுதி வைத்ததாக நினைவில்லை.

கீலும் திருகும்:

எழுதி வைத்திருக்க மாட்டீர்கள், ஐயா. அந்தக் கணினியை முதன்முதலில் இயக்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் என்ற பகுதியில் பாருங்கள். பெரும்பாலும் அங்கே தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கு உங்கள் பெயரில் இல்லாமல் மகன் பெயரில் இருக்கவும் வாய்ப்புண்டு.